பாட்டிலில் ஊர்ப் பெயர் எதற்கு? போஜோலே ஒயினும் கள்ளக்குறிச்சி பாக்கெட்டும்

கச்சிராயபாளையத்துக்கும் பிரெஞ்சு ஒயினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். கோமுகி அணைக்குப் பக்கத்தில், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். வெள்ளிமலைக்குப் போகும் மலைப்பாதை இந்த வழியாகத்தான் ஏறுகிறது. கரும்பு, மரவள்ளி, நெல், ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை. குடிப்பவர்களுக்கு டாஸ்மாக் குவார்ட்டர். கையில் காசு குறைந்தால் மலைச் சாராயம். இரண்டிலும் ஒரு ஒற்றுமை உண்டு. உள்ளே இருப்பது எந்த ஊர் விளைச்சலில் இருந்து வந்தது என்று குடிப்பவருக்குத் தெரியாது. டாஸ்மாக் பாட்டிலில் ஆலையின் பெயராவது இருக்கும். பாக்கெட்டில் அதுவும் கிடையாது.

பிரான்சில் இந்த விஷயம் நேர்மாறாக இருக்கிறது. அங்கே சிவப்பு ஒயின் வாங்குபவர் முதலில் பார்ப்பது பெரும்பாலும் கம்பெனியின் பெயரை அல்ல, திராட்சை ரகத்தையும் அல்ல, ஊர்ப் பெயரை. அந்த வழக்கம் ரசனையால் வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கலப்படத்தால் வந்தது என்பதுதான் வரலாறு. அதனால்தான் இந்தக் கதை கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குத் தேவைப்படுகிறது.

பத்து ஊர், ஒரே திராட்சை

லியோன் நகரத்துக்கு வடக்கே இருக்கும் போஜோலே பகுதியை எடுத்துக்கொண்டால் விஷயம் சுலபமாகப் புரியும். அங்கே சிவப்பு ஒயின் முழுக்க காமே என்ற ஒரே திராட்சையில்தான். 1395இல் பர்கண்டியின் பிரபு பிலிப், இந்தத் திராட்சை மட்டமானது, பிடுங்கி எறியுங்கள் என்று உத்தரவு போட்டார். பர்கண்டியில் அது ஒதுங்கியது. தெற்கே போஜோலேயின் கருங்கல் மண்ணில் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

ஒயின் மூன்று படியாக விற்கப்படுகிறது. வெறும் 'போஜோலே' என்று எழுதியிருந்தால் பகுதியின் எந்த மூலையிலிருந்தும் திராட்சை வந்திருக்கலாம். 'போஜோலே வில்லேஜ்' என்றால் குறிப்பிட்ட 38 ஊர்களுக்குள். அதற்கும் மேலே பத்து இடங்கள் தனிப் பெயரில் விற்கின்றன: சாந்தமூர், ஜூலியேனா, ஷேனா, மூலாவான், ஃப்ளூரி, ஷிரூப்ள், மோர்கோன், ரேனியே, புரூயி, கோத் த புரூயி. இதில் ரேனியே 1988இல்தான் சேர்ந்தது. இந்தப் பத்தின் பாட்டில்களில் பெரும்பாலும் 'போஜோலே' என்ற சொல்லே கண்ணில் படும்படி இருக்காது. ஊர்ப் பெயரே போதும் என்ற நம்பிக்கை. திருநெல்வேலி அல்வா பெட்டியில் 'தமிழ்நாட்டு அல்வா' என்று யாராவது போடுவார்களா?

புதுச்சேரியிலோ, விமான நிலையக் கடையிலோ, சிங்கப்பூரிலோ பாரிஸிலோ இருக்கும் உறவினர் வீட்டிலோ இப்படி ஒரு பாட்டில் கைக்கு வந்தால் எதைப் பார்ப்பது? லேசாக, பூ வாசனையாக வேண்டும் என்றால் ஃப்ளூரி அல்லது ஷிரூப்ள். ஷிரூப்ள் பத்தில் மிக உயரமான இடம். குளிர்ச்சி அதிகம், ஒயினும் மெல்லியது. கனமாக, சில வருடம் வைத்திருந்து குடிக்கும்படி வேண்டும் என்றால் மோர்கோன் அல்லது மூலாவான். மூலாவான் என்றால் காற்றாலை என்று பொருள். உண்மையில் அப்படி ஒரு கிராமமே கிடையாது. குன்றின் மேல் நிற்கும் பழைய காற்றாலையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை ருசி பார்ப்பவருக்கு, பத்தில் பெரியதான புரூயி பாதுகாப்பான தேர்வு. சாந்தமூர் என்ற பெயரில் காதல் ஒட்டிக்கொண்டிருப்பதால் பிப்ரவரி 14க்கு நன்றாக விற்கும். ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஊருக்கு அடுத்தது ஆண்டு. 2015, 2018, 2020 வெயில் கூடிய ஆண்டுகள். பழம் நன்றாகப் பழுத்து ஒயின் கனமாக இருக்கும். 2021இல் பனி அடித்தது. அந்த ஆண்டுச் சரக்கு மெலிவு. மூன்றாவது, 'தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது' என்ற பிரெஞ்சு வரி. பல ஊர்ச் சரக்கை வாங்கிக் கலந்து விற்கும் வியாபாரி அந்த வரியைப் போட முடியாது. நவம்பர் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை உலகம் முழுக்க ஒரே நாளில் திறக்கும் 'போஜோலே நூவோ' அறுவடை முடிந்து சில வாரத்தில் வருவது. திருவிழாச் சரக்கு. அதை மட்டும் குடித்துவிட்டு போஜோலே இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவது தவறு.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறக்குமதி ஒயினுக்கு இந்தியா நீண்ட காலமாக 150 சதவீதம் சுங்க வரி போட்டு வந்திருக்கிறது. அதற்கு மேல் மாநில வரி. லியோனில் சாதாரணக் குடும்பத்துச் சாப்பாட்டு மேஜையில் இருக்கும் பாட்டில் இங்கே பணக்காரர் பொருளாகிவிடுகிறது. ஒயின் என்றாலே ஒரு பந்தா என்ற எண்ணத்துக்குப் பாதிக் காரணம் இந்த வரிதான்.

கலப்படத்தில் பிறந்த சட்டம்

19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஃபில்லாக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. ஒயின் கிடைக்கவில்லை; குடிப்பவர்கள் நிறுத்தவும் இல்லை. அந்த இடைவெளியில் போலி புகுந்தது. உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து 'ஒயின்' என்று விற்றார்கள். தோட்டங்கள் மீண்டு வந்தபோது உண்மையான விவசாயியின் சரக்கை வாங்க ஆளில்லை. 1905இல் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தும் பெரிதாக மாறவில்லை. 1907இல் தெற்கு பிரான்சின் விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். நார்போன் நகரத்தில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் தண்ணீர், சர்க்கரை கலப்பதற்கு எதிரான கடுமையான சட்டம் அவசர அவசரமாக வந்தது.

ஊர்ப் பெயரைச் சட்டமாக்கும் முறை 1935இல் முழு வடிவம் பெற்றது. மறு ஆண்டே மோர்கோன், ஃப்ளூரி, மூலாவான் உள்ளிட்ட ஊர்கள் பட்டியலில் வந்துவிட்டன. எல்லை எது, என்ன ரகம், ஏக்கருக்கு அதிகபட்சம் எவ்வளவு விளைச்சல் என்று எல்லாம் எழுத்தில். மோர்கோன் என்று எழுதினால் அந்த எல்லைக்குள் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். பாட்டிலில் கோளாறு இருந்தால், யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

பெயர் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு இத்தாலி சாட்சி. 1986 மார்ச் மாதம், பரோலோ, பார்பரெஸ்கோ போன்ற புகழ்பெற்ற ஊர்கள் இருக்கும் அதே பீட்மாண்ட் பகுதியிலிருந்து வந்த மலிவு ஒயினைக் குடித்து 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலருக்குப் பார்வை போனது. மெலிந்த ஒயினுக்குப் போதை ஏற்ற, விலை மலிவான மெத்தனாலைக் கலந்திருந்தார்கள். அந்த ஆண்டு இத்தாலியின் ஒயின் ஏற்றுமதி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. தப்பு செய்யாத விவசாயிக்கும் அடி. 1992இல் இத்தாலி தன் ஒயின் சட்டத்தையே திருத்தி எழுதியது. பீட்மாண்ட் இன்று விற்பது லிட்டர் கணக்கை அல்ல, ஊரையும் தோட்டத்தையும்.

கருணாபுரத்தில் நடந்தது

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும், சேஷசமுத்திரம், மாதவச்சேரி போன்ற ஊர்களிலும் நடந்ததற்கு இதே மெத்தனால்தான் காரணம். 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள், மூட்டை தூக்குபவர்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் 20க்கும் மேற்பட்டோர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கல்வராயன் மலையில் காலம் காலமாகக் காய்ச்சுவது வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறலை. அதுவும் சட்டவிரோதம், உடம்புக்கு நல்லதும் இல்லை. ஆனால் கருணாபுரத்துப் பாக்கெட்டில் இருந்தது அது இல்லை. பெயிண்ட், ரசாயனத் தொழில்களுக்குப் போகவேண்டிய மெத்தனாலும் தண்ணீரும். ஊறல் போடக்கூட நேரம் தேவையில்லை. 10 மில்லி பார்வையைப் பறிக்கும். 30 மில்லி உயிரையே எடுக்கலாம். உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கும். "நேத்து குடிச்ச மப்புதான்" என்று வீட்டில் படுக்கவைத்த அந்த நேரத்தில்தான் பலர் கைவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் போலீஸ் மலையேறி ஊறல் பேரல்களைக் கவிழ்க்கும் படம் வருகிறது. மெத்தனால் டிரம் வந்தது மலையிலிருந்து இல்லை.

சம்பவத்துக்குப் பிறகு 10 லட்ச ரூபாய் நிவாரணம், ஒரு நபர் விசாரணை ஆணையம், ஆட்சியர் மாற்றம், எஸ்.பி. சஸ்பெண்ட். மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. எல்லாம் செத்த பிறகான ஏற்பாடு.

செத்துப்போவதற்கு முன்பு தடுக்கக்கூடிய விதி ஏற்கெனவே இருக்கிறது. 1959லேயே மெத்தில் ஆல்கஹாலை வைத்திருக்க, விற்க, எடுத்துப்போக உரிமம் கேட்கும் தமிழ்நாட்டு விதிகள் வந்துவிட்டன. அந்த விதிகளின் பெயரிலேயே 'பிரெஞ்சு பாலிஷ்' என்று ஒரு சொல் இருக்கிறது, அது வார்னிஷ். பிரான்சிடமிருந்து மதுத் துறை எடுத்துக்கொண்டது வார்னிஷ் மட்டும்தான் போலிருக்கிறது. டாஸ்மாக் காலி பாட்டிலைத் திரும்பப் பெற, கூடுதலாகப் 10 ரூபாய் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. குடித்துப்போட்ட பாட்டிலைத் திரும்பக் கண்டுபிடிக்க முடிகிற அரசால், ஆளைக் கொல்லும் டிரம் எந்தக் கிடங்கில் புறப்பட்டு எந்த லாரியில் எங்கே இறங்கியது என்று ஒவ்வொன்றாகக் கணக்கு வைக்க முடியாதா? முடியும். மோர்கோன் ஊரின் திராட்சைக்கு இருக்கும் பதிவேடு மெத்தனாலுக்கு இருந்தால் போதும். தண்டனையைக் கூட்டுவதைவிட இதுதான் முதலில் நடக்கவேண்டியது.

மலை இறங்கினால் பெயர் போகும்

ஊர்ப் பெயருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது பயம் சார்ந்தது இல்லை, காசு சார்ந்தது. கல்வராயன் மலையின் மரவள்ளிக் கிழங்கு லாரியில் ஏறி ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. ஆலையிலிருந்து வெளியே வரும்போது அதன் பெயர் சேலம் ஜவ்வரிசி. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சேலம் தவறேதும் செய்யவில்லை. ஆனால் வெள்ளிமலைப் பக்கத்துக் குடியானவரின் கிழங்குக்கு ஊர் இல்லை, எடை மட்டும்தான். கடுக்காய், தேன், சாமை, புளி எல்லாவற்றுக்கும் இதே கதி. சித்த மருந்துக் கடையில் 'மலைக் கடுக்காய்' என்பார்கள். எந்த மலை என்று கேட்டால் பதில் வராது.

கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023இல் குறியீடு வந்தது. அது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். கம்பம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே பெயர். போஜோலே கணக்கில் பார்த்தால் அது முதல் படி மட்டும்தான். சுருளிப்பட்டிக்கும் காமயகவுண்டன்பட்டிக்கும் தனித் தனிப் பெயர் இருக்கவேண்டும். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கும் குறியீடு உண்டு. குறியீடு கிடைத்த அன்று செய்தி வருகிறது, இனிப்புக் கொடுக்கிறார்கள். அதன்பிறகு அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை உற்பத்தி செய்பவர் தனித்தனியாகப் பதிவு செய்யவேண்டும் என்ற சட்ட விதியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பதிவு இல்லாத குறியீட்டை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் எந்த வண்டியை நிறுத்திக் கேட்டாலும் "பண்ருட்டிப் பலாங்க" என்றுதான் சொல்வார்கள்.

கல்வராயன் மலைக்குத் தனிப் பெயர் கேட்பது அலங்காரத்துக்காக இல்லை. 1970கள் வரை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்த மலை அது. 2024இல் அங்குள்ள மக்களின் வாழ்க்கை நிலைமையை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுக்கவேண்டி வந்தது. சாராயத்தை விடு என்று சொன்னால், வேறு எதில் காசு வரும் என்பதுதான் மலையில் திரும்பிவரும் கேள்வி. மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் கடுக்காயையும் தேனையும் சேகரிக்க ஏற்கெனவே இருக்கின்றன. எந்த ஊர், எந்த மாதம், எந்தச் சங்கம் என்று டப்பாவில் ஒரு வரி அச்சடிக்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. தேனில் தொடங்கலாம்; கச்சிராயபாளையம் கடைவீதியிலேயே முதல் டப்பாவை வைக்கலாம்.