வாளேந்திய சூனியக்காரி

மந்திரம் கற்றவள் வாளைத் தொடக் கூடாது என்று யார் சொன்னது? எல்டன் ரிங் ஆடத் தொடங்கும் பெண்ணுக்கு அண்ணன்மார்கள் சொல்லும் புத்திமதி இது: புள்ளிகளைச் சிதறவிடாதே, எல்லாவற்றையும் அறிவில் போடு, தூரத்தில் நின்று மந்திரம் எறி.

கணக்குப் பார்ப்போம். மூன்வெயில் என்ற வாளுக்கு வலிமை 12, லாவகம் 18, அறிவு 23 வேண்டும். ‘கைதி’யாகத் தொடங்குபவளிடம் வலிமை 11, லாவகம் 14, அறிவு 14 ஏற்கெனவே உண்டு. குறைவது 14 புள்ளிகள். லெவலுக்கு ஒரு புள்ளி. பெண்ணுடலைத் தேர்ந்தாலும் ஆணுடலைத் தேர்ந்தாலும் இதே கணக்குதான். பிறகு எதற்கு இந்தத் தடுப்பு?

அதன் வேர் பழைய கையேட்டில் இருக்கிறது. 1978-ல் கேரி கைகாக்ஸ் எழுதிய ‘அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ ஆட்டக்காரர் கையேட்டின்படி, வலிமை 18 பெற்ற போர்வீரர் நூறுக்குள் இன்னோர் எண்ணைப் பகடை உருட்டிப் பெறுவார். மனித ஆண் 100 வரை போகலாம். மனிதப் பெண் 50-ல் நின்றுவிட வேண்டும். யதார்த்தமாம்! விரல் நுனியில் நெருப்புக் கோளம் பிறப்பதை நம்புகிறவர்களுக்குக் கனத்த வாளைத் தூக்கும் பெண்ணைத்தான் நம்ப முடியவில்லை. 1989-ல் இரண்டாம் பதிப்பு அந்த விதியை நீக்கியது. வாய்கள் ஓயவில்லை. சேர்ந்து ஆடும்போது என் மாணவிகளுக்கு ஒதுக்கப்படுவது இன்றும் காயம் ஆற்றும் வேலை. (நம் மொழி மட்டும் என்ன, ஆணுக்கு மந்திரவாதி, பெண்ணுக்குச் சூனியக்காரி.)

எல்டன் ரிங்கின் கதையைப் பாருங்கள். ரென்னாலா அரசி, ராயா லுகாரியா கல்விக்கூடத்தின் தலைவி. கணவன் ராடகன் விட்டுப்போனபின், அவன் தந்த அம்பர் முட்டையை அணைத்தபடி நூலகத்தில் கிடக்கிறாள். நாம் அவளைத் தோற்கடித்த பிறகு அவளுக்கு மிஞ்சும் வேலை, நம் புள்ளிகளைக் கலைத்து மறுபடி அடுக்கித் தருவது. கல்லூரியில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் எனக்கு அது அந்நியமான பதவியாகத் தோன்றவில்லை.

அவள் குடும்பத்து வாள் ஒன்று உண்டு, இருள்நிலவுப் பெருவாள். அதை ஏந்த அறிவு 38, வலிமை 16 வேண்டும். மந்திரமும் இரும்பும் ஒரே கையில் இருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? ஆனால் மரபைக் கேளுங்கள்: கேரிய அரசி அதைத் தன் துணைக்குக் கொடுத்துவிட வேண்டுமாம்! மகள் ரன்னியும் அப்படித்தான் கொடுக்கிறாள். மோதிரம் போடுபவர் பெண்ணாக இருந்தாலும் அவள் மறுப்பதில்லை. அண்ணன்மார்கள் இதைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை.