இரண்டாம் சனிக்கிழமையின் இரகசியம்

வங்கித் தொழிலில் ‘முன்னறிவிப்பின்றி’ என்ற சொல்லுக்கு இனிமையான பொருள் எதுவும் கிடையாது. முன்னறிவிப்பின்றி வருபவர் தணிக்கையாளர். முன்னறிவிப்பின்றி எண்ணப்படுவது பெட்டக அறையின் ரொக்கம். விடுப்புக்கூட எங்களுக்கு அப்படி வருவதுண்டு. முக்கியப் பொறுப்புகளில் இருக்கும் ஊழியரை ஆண்டுக்கு ஒருமுறை, தொடர்ந்து 10 வேலை நாள்களுக்குக் குறையாமல், முன்கூட்டித் தெரிவிக்காமல் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. அவர் இல்லாத நாள்களில் அவருடைய மேசையை வேறொருவர் கவனிப்பார். அதுவரை கண்ணில் படாதிருந்தது ஏதேனும் இருந்தால் அப்போது வெளிப்படும்.

இத்தகைய தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்த ஒருவன், தன் மனைவியை முன்னறிவிப்பின்றி ஒரு நகரத்துக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. இணையரை வியப்பில் ஆழ்த்தும் குறும்பயணங்கள் இப்போது பெருகி வருகின்றன. மண நாளுக்கோ பிறந்த நாளுக்கோ இரண்டு இரவுகள், பக்கத்து மாநிலத்தில் ஒரு நகரம், கடைசி நொடி வரை இரகசியம். இதை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எது இரகசியமாக இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதை நான் கற்றுக்கொண்ட விதம் சற்றே வெட்கத்துக்குரியது.

நாங்கள் மும்பையில் வசிக்கிறோம். பணி மாறுதலில் வந்த ஊர். என் தாயார் எங்களுடன் இருக்கிறார். காலையிலும் இரவிலும் அவருக்கு இன்சுலின் ஊசி போட வேண்டும். அவர் எங்களிடம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்த நான்கு ஆண்டுகளில் என் மனைவி வீட்டுக்கு வெளியே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. இந்த உண்மை எனக்கு உறைத்தது ஒரு நாள் தற்செயலாகத்தான். உறைத்தவுடன், கணக்கர்களுக்கே உரிய அவசரத்தோடு, அதை நேர்செய்ய முற்பட்டேன்.

2015 செப்டம்பரிலிருந்து மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிச் சென்ற அனுபவமும் சிலருக்கு இருக்கலாம். அப்படி ஓர் இரண்டாம் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அகமதாபாத்துக்கு வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் இரண்டு இருக்கைகள் எடுத்தேன். பழைய நகருக்கு அருகே நடுத்தரமான விடுதி ஒன்றில் அறையும் பதிவு செய்தேன். இரண்டுக்கும் எங்கள் கூட்டுக் கணக்கிலிருந்தே பணம் செலுத்தினேன்.

அந்தக் கணக்கில் முதல் பெயர் என் மனைவியுடையது. பதிவாகியிருக்கும் கைப்பேசி எண்ணும் அவருடையது. பணம் எடுக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் குறுஞ்செய்தி செல்லும் என்பதை நாள்தோறும் வாடிக்கையாளர்களுக்கு விளக்குபவன் நான். ரயில்வே பயணச்சீட்டுக்கு இவ்வளவு, அகமதாபாத் விடுதிக்கு இவ்வளவு என்று இரண்டு செய்திகள் சமையலறையில் இருந்த அவருடைய கைப்பேசிக்குச் சென்றுவிட்டன. நானோ பன்னிரண்டு நாள்கள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நடமாடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பியபோது வாசலருகே பெட்டி தயாராக இருந்தது. தானேயிலிருந்து என் தங்கை வந்திருந்தாள். “வா அண்ணா, இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருக்கு” என்றாள். மனைவி ஒரு தாளில் மருந்துகளின் பெயரையும் நேரத்தையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தார். என் முகம் போன போக்கைக் கண்டு தங்கை சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. ரயில் நகர்ந்து சிறிது நேரம் ஆன பிறகே பேசினார்.

“டிக்கெட் எடுத்தீங்க, ஓட்டல் எடுத்தீங்க. அத்தைக்கு ராத்திரி ஊசி யார் போடுவாங்கன்னு யோசிச்சீங்களா?”

யோசித்திருக்கவில்லை. பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று மனத்தின் ஒரு மூலையில் எண்ணியிருந்தேன் போலும். பயணத்தின் செலவை நான் ஏற்றேன். பயணத்துக்கான உழைப்பை அவர் செய்து முடித்திருந்தார். தங்கையின் அலுவலக நேரத்தைக் கேட்டறிந்தது, ஊசி மருந்து தீர்ந்துவிடாமல் வாங்கி வைத்தது, பால்காரரிடமும் வேலைக்கு வரும் அம்மாளிடமும் சொன்னது எல்லாம் அவரே. அதோடு, என் பரிசு கெட்டுவிடக் கூடாதென்று தெரியாதவர் போலவும் இருந்திருக்கிறார். விடுதியில் ஆதார் அட்டை கேட்டார்கள். நாள் முழுவதும் பிறரிடம் அடையாள ஆவணம் கேட்கும் நான் என்னுடையதை மறந்து வந்திருந்தேன். அவர் இருவருடையதையும் எடுத்து வைத்தார்.

அந்த இரண்டு நாள்களில் தங்கையிடமிருந்து ஏழு அழைப்புகள் வந்தன. அரிசி எந்த டப்பாவில், அம்மாவின் காலை நேரக் கஞ்சியில் உப்பு உண்டா இல்லையா, மின் கட்டணச் சீட்டு கொண்டுவந்தவரிடம் என்ன சொல்வது என்பன போன்ற கேள்விகள். ஒவ்வோர் அழைப்பிலும் என் மனைவி இரண்டே சொற்களில் பதில் சொன்னார். எங்கள் வீட்டின் மேசையை முதல் முறையாக வேறொருவர் கவனிக்கிறார். அதுவரை என் கண்ணில் படாதிருந்தது வெளிவருகிறது என்று எனக்குத் தோன்றியது.

அகமதாபாத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1411இல் அகமது ஷா நிறுவிய இந்நகரின் மதில் சூழ்ந்த பழைய பகுதியை 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அப்பெருமையை முதலில் பெற்ற நகரம் இதுவே. காலையில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலருகே தொடங்கி ஜாமா மசூதியில் முடியும் பாரம்பரிய நடைப்பயணம் ஒன்று 1997 முதல் நடந்து வருகிறது. ‘போள்’ எனப்படும் குடியிருப்புச் சந்துகளின் வழியாக அது செல்கிறது. ஒரு சந்து முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் ஒரு கதவு திறந்து அடுத்த சந்துக்கு வழிவிடும். மரச் செதுக்கு வேலை நிறைந்த தூண்கள். பறவைகளுக்குத் தானியம் இடுவதற்கென்றே எழுப்பிய உயரமான மாடங்கள். தன் பழைய வீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போலச் சிலை வடிவில் அமர்ந்திருக்கும் குஜராத்திக் கவிஞர் தல்பத்ராம். அவர் அருகில் உட்கார்ந்து என் மனைவி நெடுநேரம் கால் நீட்டிக்கொண்டிருந்தார். அடுத்து எங்கே என்று கேட்கவில்லை.

சித்தி சையது மசூதியின் கல் சாளரத்தில், ஒரு மரத்தின் கிளைகள் பின்னிப் பிணைந்து வளர்வது போலச் செதுக்கியிருக்கிறார்கள். வணிகவியல் படித்த எனக்கு அது முதலில் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் சின்னமாகவே பழக்கம். கல்லில் நேரில் பார்த்தபோது சின்னம் மறந்துபோயிற்று. சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகள் வாழ்ந்த இதய குஞ்சம் என்னும் வீட்டில், கஸ்தூரிபாவுக்கென இருந்த சிற்றறையின் முன் மனைவி நின்றுவிட்டார். அடுத்தவர்கள் வழி கேட்டபோதுதான் நகர்ந்தார். அதைப்பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரவில் மாணிக் சௌக். பகலில் நகைக் கடைகள் நடக்கும் இடம். கடைகள் மூடிய பின் அதே தெரு உணவுக் கடைகளால் நிறைந்துவிடுகிறது. ஒரே இடத்தை இரண்டு முறைப் பணியில் நடத்தும் இத்திறமையைக் கண்டு எங்கள் நிர்வாகம் பாடம் கற்கலாம் என்று நான் சொன்னதற்குப் பதில் வரவில்லை. அங்கே ‘குவாலியர் தோசை’ என்ற ஒன்று வெண்ணெயில் மிதந்து வந்தது. தமிழ்நாட்டில் பிறந்த இருவர், குவாலியரின் பெயரால் குஜராத்தில் விற்கப்படும் தோசையை உண்டோம். நன்றாகவே இருந்தது. இதை என் தாயாரிடம் சொல்லவில்லை.

ஞாயிறன்று மாலை அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை வைத்தே இந்தக் கட்டுரையின் கருத்து நிற்கிறது: “ரெண்டு நாளா இன்னிக்கு என்ன சமையல்னு நான் யோசிக்கவே இல்ல.” பயணத்தின் இடம், பார்க்க வேண்டியவை, உண்ண வேண்டியவை ஆகியவற்றை முழுவதும் நானே முடிவு செய்திருந்தேன். வேறு வீடுகளில் அது ஆதிக்கமாகத் தோன்றக்கூடும். பதினெட்டு ஆண்டுகளாக நாளுக்கு மூன்று வேளை முடிவெடுத்துக்கொண்டிருந்தவருக்கோ அது ஓய்வு. எனவேதான், எல்லாவற்றையும் கலந்து பேசியே திட்டமிட வேண்டும் என்று அறிவுரைப்பவர்களை நான் முழுதாக ஏற்கவில்லை. கலந்து பேசுவதும் ஒரு வேலைதான். பல குடும்பங்களில் அந்த வேலையும் ஒருவர் தலையிலேயே விழுகிறது.

ஆகவே இடம் இரகசியமாக இருக்கலாம். நாள் இரகசியமாக இருக்கக் கூடாது. நம் இல்லத்தில் முதியவரோ குழந்தையோ நோயாளியோ இருப்பின், அவர்களுக்கான மாற்று ஏற்பாட்டைப் பயணத்தைத் திட்டமிடுபவரே செய்து முடித்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் பயணச்சீட்டை நீட்டுவது, காசோலையில் கையொப்பமிடாமல் கொடுப்பதைப் போன்றது.

பணமும் இரகசியமாக இருக்கக் கூடாது. இதை வங்கி அலுவலராகவே சொல்கிறேன். என் மேசைக்கு வந்த ஓர் இளைஞர், முதலாம் மண நாளுக்கு மனைவியைத் திடீரென வெளியூர் அழைத்துச் சென்றதில் கடன் அட்டையில் 40,000 ரூபாய் ஏற்றியிருந்தார். மாதந்தோறும் செலுத்தவேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் தவறாமல் கட்டிவந்ததால் கடன் தீர்ந்துகொண்டிருப்பதாக நம்பியிருந்தார். குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, வட்டி மாதம் 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கட்டும் 2,000 ரூபாயில் 1,200 வட்டிக்கும், அதன் மீதான சரக்கு மற்றும் சேவை வரியாக 216 ரூபாய் அரசுக்கும் போய்விடும். அசலில் கழிவது 584 ரூபாய். தவிர, நிலுவை முழுதும் தீரும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. இவையெல்லாம் மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டேன். பயணம் தெரியும் என்றார்.

அதே 1,200 ரூபாயை மாதந்தோறும் தொடர் வைப்பில் போட்டால் பன்னிரண்டு மாதங்களில் 14,400 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். எங்கள் அகமதாபாத் பயணம் அந்தத் தொகைக்குள் அடங்கிற்று. விமானம் ஏறாமல், ஓர் இரவு ரயில் தொலைவில் உள்ள நகரைத் தேர்ந்தெடுத்ததால் அது இயன்றது. 2024 நவம்பரிலிருந்து ரயிலில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்குகிறது. முன்பு இது 120 நாள்களாக இருந்தது. திடீர்ப் பயணத்தைத் திடீரென முடிவு செய்து தட்கலை நம்புவோர், உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். வீட்டில் நோயாளி இருந்தால் ரத்து செய்ய நேரும் வாய்ப்பு மிகுதி.

செலவின் வரம்பு இருவருக்கும் தெரிந்திருந்தால் பயணத்தின் சுவை குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். எங்கள் பயணத்தில் அவருக்கு விடுதியின் கட்டணம் கூடத் தெரிந்திருந்தது. கல்லில் படர்ந்த மரம் எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்கவில்லை.

ஊர் திரும்பிய வாரத்தில் என் மனைவி எங்கள் கிளைக்கே வந்து தம் பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கும் தொடர் வைப்பும் தொடங்கினார். படிவத்தை நான் நிரப்பித் தருகிறேன் என்றேன். வேண்டாமென்று பக்கத்து மேசையில் உள்ள இளம் அலுவலரிடம் சென்றார். அந்தக் கணக்கின் குறுஞ்செய்திகள் எனக்கு வருவதில்லை. தொகை எவ்வளவு என்பதை மட்டும் சொல்லியிருக்கிறார். ஜூலை மாத இரண்டாம் சனிக்கிழமையைக் காலியாக வைத்துக்கொள்ளும்படியும், தங்கையிடம் நானே பேசி ஊசி ஏற்பாட்டைச் செய்யும்படியும் கூறியிருக்கிறார். ஊசி போடுவதை இப்போது நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன். எங்கே போகிறோம் என்று இருமுறை கேட்டுப் பார்த்தேன். குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.