பயணச்சீட்டுக்கு முன் ஒரு கணக்கு

வணிகப் பயணம் என்றதும் பேச்சு பயணச்சீட்டின் விலைக்கே போய்விடுகிறது. எந்த வண்டியில் கட்டணம் குறைவு, எந்த விடுதியில் சலுகை உண்டு என்று நெடுநேரம் ஆராய்பவர்கள்கூட, அப்பயணம் தேவைதானா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தொழில் கடன் கணக்குகளை நாள்தோறும் பார்த்துவரும் எங்களுக்கு, சிக்கனம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. வெளிமாநில நிறுவனம் ஒன்று 5 லட்சம் ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது. அதை வசூலிக்கத் தொழில்முனைவோர் நேரில் புறப்படுகிறார். போக்குவரத்து, விடுதி, உணவு எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் என்று கொள்வோம். அவர் வாங்கிய கடனுக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் எனில், 5 லட்சத்துக்கு மாத வட்டி 5,000 ரூபாய். ஆகவே பணம் 3 மாதங்களுக்கு மேல் முன்னதாக வந்தால்தான் அப்பயணத்தால் ஆதாயம். அவர் இல்லாத நாள்களில் தொழிற்கூடத்தில் தேங்கிய வேலையை இக்கணக்கில் நாங்கள் சேர்க்கவே இல்லை. ஒரு கோப்பைத் தேநீரும் "அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறோம்" என்ற உறுதிமொழியுமாக முடியும் வசூல் பயணங்கள்தாம் எத்தனை!

வசூலுக்கு வேறு வழிகள் உள்ளன. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி மற்றும் சேவை நிறுவனங்களுக்கு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருப்பினும் 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்கள். வாங்கி விற்கும் வணிகர்களுக்கு இப்பாதுகாப்பு இல்லை என்பது எங்களுக்கும் குறையாகவே படுகிறது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் ட்ரெட்ஸ் தளத்தில் பதிவுசெய்தாக வேண்டும். அங்கு வாங்குபவர் ஏற்றுக்கொண்ட பட்டியலைக் காட்டி, தவணைக்கு முன்பே வங்கிகளிடமிருந்து பணம் பெறலாம். இதற்கு ஊர் கடந்து செல்ல வேண்டியதில்லை.

நேரில் சென்றே தீர வேண்டிய பயணங்களும் உண்டு. புதிய வாடிக்கையாளருக்கு முதன்முறையாகப் பெரிய அளவில் கடனுக்குச் சரக்கு அனுப்புமுன், அவருடைய கிடங்கைப் பார்த்துவிடுவது நல்லது. சரக்கு நகர்கிறதா, தூசி படிந்து கிடக்கிறதா என்பதைத் தொலைபேசி சொல்லாது. கடன் தரும் நாங்களும் இக்காரணத்தாலேயே சரக்கிருப்பை நேரில் சென்று பார்க்கிறோம்.

புறப்படுவது என்று முடிவானபின், முதலில் பார்க்க வேண்டியது செல்லும் ஊரின் நாட்காட்டி. தீபாவளி கழிந்ததும் சூரத் ஜவுளிச் சந்தை பல நாள்கள் மூடப்பட்டு, லாப பஞ்சமியை ஒட்டியே மீண்டும் முழுவீச்சில் இயங்கத் தொடங்குகிறது. டில்லியில் சாந்தினி சௌக்கிற்கு ஞாயிறும் கரோல் பாக்கிற்குத் திங்களும் வார விடுமுறை. இரண்டிலும் வேலை இருப்பவர் சனிக்கிழமை இரவு போய் இறங்கினால், ஞாயிறன்று கரோல் பாக், திங்களன்று சாந்தினி சௌக் என்று திட்டமிட்டால்தான் நாள் வீணாகாது. வங்கி விடுமுறைகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2ஆம், 4ஆம் சனிக்கிழமைகளில் மட்டும் எங்கும் வங்கி இல்லை. டிசம்பர், சனவரி மாதங்களில் வட இந்தியாவின் மூடுபனியையும் கணக்கில் கொள்ள வேண்டும். அப்பருவத்தில் அதிகாலை விமானத்தை நம்பிக் காலை 10 மணிக்குச் சந்திப்பு வைப்பது விவேகமன்று.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. தட்கலில் உறுதியான சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. ஆதலால் எதிர்த்தரப்பினர் நாளை உறுதிசெய்த பின்னரே தட்கலில் சீட்டு எடுப்பது நலம்.

கொள்முதலுக்கு ரொக்கத்தைச் சுமந்து செல்லும் பழக்கம் இன்னும் மறையவில்லை. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டும் இரவும் பகலும் இயங்குகின்றன. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால், பொதுவாக வருமான வரிக் கணக்கில் அச்செலவு ஏற்கப்படுவதில்லை.

விடுதிப் பட்டியலில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று. வெளிமாநில விடுதி வசூலிக்கும் ஜி.எஸ்.டி. அந்த மாநிலத்துக்குரியது, சொந்த மாநிலத்தில் மட்டும் பதிவு பெற்றவர் அதை உள்ளீட்டு வரி வரவாகப் பெற இயலாது. தொழில் நிமித்தம் எடுக்கும் விமானச் சீட்டில், ஜி.எஸ்.டி. எண்ணைப் பதிவுசெய்தால் அவ்வரவைக் கோர முடியும். இரவு ரயிலில் சென்று, பகலில் வேலையை முடித்து, மறுபடி இரவு ரயிலில் திரும்பினால், விடுதி வாடகையோடு இந்த வரியும் மிச்சம்.