கையைக் காக்கக் கூலியும் வேண்டும்

"ராத்திரி கை மதமதக்குது சிஸ்டர், உதறி உதறித்தான் தூங்குறேன்." வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் கொழுந்து எடுக்கும் பெண்கள் என்னிடம் சொன்னது இது.

உடனே சுண்டு விரலைத் தொட்டுப் பார்ப்பேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, சுண்டு விரலில் மட்டும் உணர்ச்சி சரியாக இருந்தால், பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. எலும்புக்கும் தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே உள்ள குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களோடு அந்த நரம்பும் போகிறது. நாள் முழுக்கக் கிள்ளியும் கத்தரி பிடித்தும் தசைநாண்களின் உறை வீங்கினால், நசுங்குவது நரம்புதான். சர்க்கரையோ தைராய்டோ இருந்தால் இன்னும் எளிதில் வரும்.

ஆரம்பத்திலேயே வந்தால், இரவில் மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டினாலே பலருக்குக் குறையும், ஊசியும் உண்டு. அதற்கும் அடங்காவிட்டால் கையை மட்டும் மரக்கவைத்து, உள்ளங்கையில் சிறிதாகக் கீறி, நார்ப்பட்டையை வெட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்; அன்றே வீட்டுக்குப் போகலாம். கட்டைவிரலடிச் சதை வற்றிய பிறகு வந்தாலோ, பொத்தான் போடும் பிடி முழுசாகத் திரும்புமா என்பது சந்தேகம்.

கத்திக்குப் பயந்து தள்ளிப்போடுகிறார்கள் என்பார்கள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் என்னிடம் அவர்கள் முதலில் கேட்டது, "எப்ப வேலைக்கு இறங்கலாம்?" என்றுதான். ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்றால் எழுந்து போய்விடுவார்கள். 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்களின் அமைப்பான பெம்பிளை ஒருமை மூணாறு சாலையில் போராட்டத்துக்கு உட்கார்ந்தபோது தினக்கூலி 232 ரூபாய். அதிலும் இத்தனை கிலோ எடுத்தாக வேண்டும் என்ற கணக்கு. அந்தக் கூலியில் வாழும் குடும்பத்தில் ஒரு கை ஓய்ந்தால் என்ன ஆகும்?

தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதியும் நோய்க்கால உதவித்தொகையும் உண்டென்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. மணிக்கட்டு நரம்பு நசுங்கலைத் தொழில்நோய்ப் பட்டியலில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் சேர்த்தது. ஆகவே இதை வயசுக் கோளாறு என்று சொல்லித் தைலம் கொடுத்து அனுப்பக் கூடாது. ஆறும் வரை முழுக்கூலி கொடுக்க வேண்டும். நரம்புச் சோதனை மலைக்கு வர வேண்டும். பீர்மேட்டிலும் நெல்லியாம்பதியிலும் மாதம் ஒரு நாள் நடத்தினாலே போதும். பீர்மேட்டிலிருந்து தேனிக்கோ கோட்டயத்துக்கோ இறங்கினால் அன்றைய கூலி போச்சு.

இந்த உதவிகள் எல்லாருக்கும் எட்ட வேண்டுமானால், தமிழ்நாட்டின் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் கேரளத்துக்கு வந்து ஏலக்காய் எடுத்துவிட்டு அன்றே திரும்பும் பெண்களை எந்தப் பதிவேட்டில் சேர்ப்பது என்பதை இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.