அல்சேசன் குட்டி வாங்க முதல் தாய் தகப்பனின் இடுப்பைக் கேளுங்கள்

கல்லடியிலயோ களுவாஞ்சிக்குடியிலயோ புதுசா ஒரு மாடிவீடு எழும்பினா, கேற் பூட்ட முதலே ஒரு அல்சேசன் குட்டி வந்திரும். வாங்குறவர் விற்கிறவரிடம் கேட்கும் கேள்விகளும் ஏறத்தாழ ஒன்றுதான். காது நிமிருமா? தகப்பன் எவ்வளவு பெரிசு? முதுகு நல்ல கறுப்பா? ஏழெட்டு வருசத்தில் அதே நாய் பின்னங்காலை இழுத்து நடக்கும்போது, "கண்ணூறு பட்டுட்டு", "ஆரோ அடிச்சிருப்பாங்க" என்பார்கள். அந்த வருத்தத்தில் பெரும்பகுதி குட்டி பிறக்க முதலே முடிவாகிவிட்டது என்பதும், மிச்சத்தை வாங்குபவர்களும் வளர்ப்பவர்களும் சேர்க்கிறார்கள் என்பதும்தான் எங்கள் கருத்து.

நாங்கள் மிருக வைத்தியம் படிப்பவர்கள் இல்லை. கலைப் பிரிவு மாணவர்கள். ஆனால் எங்களில் சிலரின் வீட்டில் அல்சேசன் நிக்குது. அதனால் தேடி வாசித்தோம், வைத்தியர்களிடம் கேட்டோம்.

முதலில் பெயர். இதன் சரியான பெயர் ஜேர்மன் ஷெப்பர்ட். 1899 இல் மக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜேர்மன் அதிகாரி, ஹொரான்ட் என்ற ஒரு மந்தை நாயை வாங்கி, அதை முதல் நாயாகப் பதிந்து இந்த இனத்தைத் தொடங்கினார். முதலாம் உலகப் போருக்குப் பிறகு "ஜேர்மன்" என்ற சொல்லே பிரித்தானியாவில் வேண்டாமல் போக, அல்சேசன் ஆக்கினார்கள். 1977 இல் அங்கே பழைய பெயரை மீட்டுவிட்டார்கள். நாங்கள் இன்னும் விடவில்லை.

பெயரைவிட முக்கியமானது, ஹொரான்டையும் அதன் பிள்ளைகளையும் சுற்றிச் சுற்றியே ஆரம்ப கால இணை சேர்ப்பு நடந்தது. சொந்தத்துக்குள்ளேயே கலியாணம் கட்டினால் என்ன நடக்கும் என்று பள்ளிக்கூட உயிரியலிலேயே படித்திருப்பீர்கள். பிறகு கண்காட்சிக்காரர்களின் ரசனை வந்தது. முதுகு பின்பக்கம் சரிந்தால் அழகு என்றார்கள். 2016 இல் பிரித்தானியாவின் பர்மிங்ஹாமில் நடந்த கிறஃப்ட்ஸ் கண்காட்சியில் இந்த இனத்தில் முதலிடம் பெற்ற நாய் சரியாக நடக்க முடியாமல் நடந்ததைப் பார்த்து அந்த நாட்டுச் சனமே கொதித்தது. இங்கே அந்தச் சரிவைக் காட்டித்தான் விலையைக் கூட்டுகிறார்கள்.

இனி வருத்தங்களுக்கு வருவோம். முதலாவது இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை ஒரு குழிக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும். குழி ஆழமில்லாவிட்டால் தலை ஆடும், உராயும், தேயும். முயல் மாதிரி இரண்டு பின்னங்காலையும் சேர்த்துப் பாய்வதும், எழும்பச் சிரமப்படுவதும் அறிகுறிகள். பரம்பரைதான் இதன் அடி. ஆனால் உடம்பு நிறை அதை விரைவாக்கும். 48 லெப்ரடோர்களைச் சோடி சோடியாக ஆயுள் முழுக்கப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2002 இல் வெளிவந்தது. சோடியில் ஒன்றுக்கு 25 வீதம் குறைவாகச் சாப்பாடு. அப்படிச் சாப்பிட்டவை ஏறத்தாழ 2 வருடம் கூட வாழ்ந்தன, மூட்டுத் தேய்வும் பிந்தியது. எங்கட வீடுகளில் "வளருற பிள்ளை" என்று சோத்தைக் கொட்டி, பளபளக்கும் டைல்ஸ் தரையில் வழுக்க விடுகிறோம்.

இரண்டாவது முண்ணாண் சிதைவு. அநேகமாக 8 வயதுக்குப் பிறகு வரும். நோகாது, ஆனால் பின்னங்கால் விரல் மடங்கி நகம் தேயும், பிறகு இடுப்புக்குக் கீழே விளங்காது. மருந்து இல்லை. இதோடு தொடர்புள்ள பரம்பரையலகு மாற்றத்தை 2009 இல் கண்டுபிடித்தார்கள். ஸ்டீபன் ஹோக்கிங்குக்கு வந்த நோயின் சில வகைகளிலும் இதே பரம்பரையலகுதான் பழுதாகிறது.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். எவ்வளவு தின்றும் மெலிந்து, மலம் எண்ணெய்ப் பிசுக்காகக் கட்டுக்கட்டாகப் போனால் பூச்சி என்று மட்டும் நினைக்க வேண்டாம். சதையி நொதியம் சுரக்காமல் இருக்கலாம். வயிறு ஊதி, வாந்தி வராமல் ஓங்காளித்தால் இரைப்பை முறுகியிருக்கலாம். அப்போது நாளைக்குப் பார்ப்பம் என்று இருக்க ஏலாது, சில மணித்தியாலத்தில் சாகும்.

உண்ணியை மட்டும் நாங்கள் லேசாக எடுக்கிறோம். வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவம் கொண்டுபோன நாய்கள் பெரும்பாலும் இந்த இனம். 1960களின் முடிவில் நூற்றுக்கும் மேற்பட்டவை மூக்கால் இரத்தம் வடிந்து செத்தன. காரணம் உண்ணி பரப்பிய கிருமி. மற்ற இனங்களை விட இதை அது மோசமாகத் தாக்கும். எங்கள் வெக்கையும் உண்ணிக்கு நல்ல வாய்ப்பு. அதற்காக வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டாதீர்கள். நாய்க்கும் அது நஞ்சு. வைத்தியர் தரும் மருந்து இருக்கிறது.

"காசுள்ளவன் வாங்குறான், உங்களுக்கென்ன?" என்று கேட்பீர்கள். கேற்றைக் காவல் காக்க வாங்கிய நாய் எழும்ப ஏலாமல் போனால் அந்த வீட்டில் அதற்கு வேலையில்லை. மறுகா என்ன? இரவில் ஓட்டோவில் ஏற்றி வாவிக்கரையிலோ சந்தையடியிலோ விட்டுவிடுகிறார்கள். தெருவில் பிறந்த நாய்க்குத் தெரு தெரியும். சங்கிலியில் வளர்ந்தது கழிவு கிளறவும் தெரியாமல் கிடந்து சாகும். வைத்தியம் செய்ய நினைப்பவருக்கும் வழி லேசில்லை. நாட்டில் இருக்கும் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில். நடக்க முடியாத 35 கிலோ நாயோடு கண்டிக்குப் போய்வரும் வான் கூலியே பலருக்குத் தாங்காது.

ஆகவே காசு எண்ண முதல் தாயையும் தகப்பனையும் நேரில் நடக்க விட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்ததா என்று கேளுங்கள். 2 வயதுக்கு முதல் ஈன்ற தாய் என்றால் யோசியுங்கள், இடுப்புக்கு நம்பகமான தரம் அந்த வயதில்தான் போடுவார்கள். வம்சப் பத்திரம் வம்சத்தைத்தான் சொல்லும், சுகத்தைச் சொல்லாது. முதுகு நேராக உள்ள குட்டியை எடுங்கள். பத்துப் பேர் இப்படிக் கேட்டால் பதினோராவது ஆள் வரமுதல் விற்பவர் எக்ஸ்ரே எடுத்து வைப்பார். சந்தை அப்படித்தான் மாறும்.

பதில் சொல்ல விற்பவர் மழுப்பினால் திரும்பி வாருங்கள். கச்சான் காற்றிலும் மதில் நிழலில் சுருண்டு படுத்துத் தாக்குப் பிடிக்கும் ஊர்க்குட்டிகள் எங்கட ஒழுங்கைகளில் நிறைய நிக்குது. அதுக்கும் தடுப்பூசி வேணும், உண்ணி மருந்து வேணும். ஆனால் கேற்றடியில் ஆள் வந்தால் குரைக்க அது ஒருபோதும் பின்நிற்காது.