பேர் சொல்லி எடு

காப்பியடிக்காதே என்று கல்லூரியில் சுவரெல்லாம் ஒட்டி வைக்கிறோம். எது காப்பி என்று மட்டும் சொல்லித் தருவதில்லை. நம்ம பிள்ளை பன்னிரண்டு வருசம் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டது என்ன? நோட்சுல இருக்கிறத வரி மாறாம எழுதினா முழு மார்க்கு. அதே பிள்ளை கல்லூரிக்கு வந்து அசைன்மெண்ட்டில் புத்தகத்தை வரி மாறாமல் எழுதினால் அது திருட்டு. விதி மாறிப்போச்சுன்னு எப்போ அய்யா சொன்னீங்க?

அப்பன் பேராசிரியராக இருக்கிற வீட்டில் இதைச் சோற்றோடு ஊட்டிவிடுகிறார்கள். சேரியிலிருந்து முதல் தலைமுறையாக வருகிறவளுக்கு மாட்டிக்கொள்ளும் நாளில்தான் தெரிகிறது. பிறகு ஆசிரியர் அறையில் பேச்சு எப்படிப் போகும் என்பதை நான் கேட்டிருக்கிறேன். மேல்சாதிப் பையன் செய்தால் ‘அவசரத்துல எழுதிட்டான்’. நம்ம பிள்ளை செய்தால் ‘கோட்டாவுல வந்தது, வேறென்ன செய்யும்’.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 60 வரை என்றால் ஒரு வருசம் தரவே முடியாது. அதையும் தாண்டினால் பதிவு ரத்து. ஆனால் அசைன்மெண்ட், பருவக் கட்டுரை, விடைத்தாள் எல்லாம் இந்தக் கணக்கில் சேராது என்று அதே விதிமுறை ஒதுக்கி வைத்திருக்கிறது. கல்வி நேர்மையைப் பாடமாக வைக்கவும் சொல்லியிருக்கிறது. நான் பார்த்த இடங்களில் அது ஒரு மத்தியானக் கருத்தரங்கோடு முடிந்தது. ஆக, அஞ்சு வருசம் கேள்வியே கிடையாது, ஆய்வுக்கு வந்ததும் கழுத்துக்குக் கத்தி.

இந்தச் சதவீதத்தை நம்பியும் கெட்டுப்போகிறார்கள். ‘கூறினார்’ என்பதை ‘மொழிந்தார்’ என்று மாற்றினால் மெசின் ஏமாறலாம். கருத்து அடுத்தவருடையது, பேரைக் காணோம் என்றால் அது திருட்டேதான். மேற்கோள் குறி போட்டு, பேரும் பக்கமும் கொடுத்து ஒரு பத்தியையே எடுத்தாலும் அது திருட்டு இல்லை.

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானுடவியல் வகுப்பில் 25 வயது மாணவர் ஒருவர் வாசித்த கட்டுரைதான் ‘இந்தியாவில் சாதிகள்’. நம்ம பாபாசாகேப் எழுதியதும் வகுப்புக் கட்டுரைதான், பாருங்கள். செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் என்று நாலு பேர் சாதிக்குக் கொடுத்த வரையறைகளைப் பேரோடு எடுத்து வைக்கிறார். அவற்றில் எது போதாது என்று பேசுகிறார். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று தன் வாதத்தைக் கட்டுகிறார். மேலே இருப்பவனைப் பார்த்துக் கீழே இருப்பவன் போலச்செய்ததால் சாதி பரவியது என்று சொல்லும்போது, போலச்செய்தலின் விதிகளைச் சொன்னவர் கேப்ரியல் தார்த் என்று அங்கேயும் பேர் சொல்கிறார். காப்பியைப் பற்றி எழுதும்போதுகூட காப்பியடிக்காத மனுசன்! அதனால்தான் கேட்கர் எதுவரைக்கும், அம்பேத்கர் எங்கிருந்து என்று இன்றைக்கும் நம்மால் பிரித்துக் காட்ட முடிகிறது.

என் மாணவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. நோட்டில் இடது பக்கம் புத்தக வரி, மேற்கோள் குறிக்குள். கூடவே ஆசிரியர் பேர், பக்க எண். வலது பக்கம் நீ என்ன நினைக்கிறே, உன் வாய்ப்பேச்சிலேயே எழுது. கட்டுரை எழுதும்போது புத்தகத்தை மூடி வை. வலது பக்கம் காலியாக இருந்தால் இன்னும் படி, எழுத உட்காராதே.

இன்னொரு திருட்டு இருக்கிறது, எந்த மெசினும் பிடிக்காது. நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளைப் புரட்டினால் நம்ம ஆயாக்கள் பாடிய நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பக்கம் பக்கமாக இருக்கும். வெளிநாட்டு அறிஞருக்கு அடிக்குறிப்பு, பாட்டுக் கட்டியவளுக்கு ‘தகவலாளி: பெண், 60, கூலி’. பட்டம் ஒருத்தருக்கு, பாட்டு ஒருத்திக்கு. நம்ம பிள்ளைகள் செல்போனோடு சேரிக்குப் பதிவு பண்ணப் போகும்போது பாட்டுக்கு முன்னால் பேரைக் கேட்கட்டும். பேர் போடட்டுமா என்று அவளிடமே கேட்டு, சரி என்றால் ஊர், தேதியோடு பாட்டுக்குக் கீழேயே போடட்டும். பின்னிணைப்பில் வேண்டாம்.