சூட்டபிள் பாயும் பாண்டிச்சேரி நேஷனாலிட்டியும்

ஆபீஸ்ல ரெண்டு மாசமா ஆணி கொஞ்சம் கம்மி. அந்த தைரியத்துல விக்ரம் சேத்தோட 'எ சூட்டபிள் பாய்' நாவலை எடுத்து ஒருவழியா முடிச்சிட்டேன். 1993-ல வந்த புத்தகம், 1300 பக்கத்துக்கு மேல. படுத்துக்கிட்டு படிச்சா நெஞ்சு வலிக்குது, உட்கார்ந்து படிச்சா கை வலிக்குது.

படிக்காதவங்களுக்கு கதைச் சுருக்கம். 1951, பிரம்மபூர்னு ஒரு கற்பனை ஊர். ரூபா மெஹ்ரான்னு ஒரு விதவைத் தாய், சின்னப் பொண்ணு லதாவுக்கு மாப்பிள்ளை தேடுறாங்க. லதாவுக்குப் பிடிச்சது அதே யுனிவர்சிட்டில படிக்கிற கபீர்ங்கிற முஸ்லிம் பையனை. அப்புறம் அமித்னு ஒரு கவிஞர் வர்றார், ஹரேஷ்னு செருப்புக் கம்பெனில வேலை பாக்குறவர் வர்றார். நடுவுல ஜமீன்தாரி ஒழிப்பு, கலவரம், நாட்டோட முதல் பொதுத்தேர்தல்னு எல்லாம் வந்து போகுது. கடைசில லதா ஹரேஷைக் கட்டிக்கிறா. (முடிவைச் சொல்லிட்டியேன்னு அடிக்க வராதீங்க. 2020-லயே மீரா நாயர் இதை டிவி தொடரா எடுத்தாச்சு.)

இதைப் படிச்ச யாரைக் கேட்டாலும் கபீரா ஹரேஷான்னுதான் சண்டை போடுவாங்க. நானும் டீக்கடைல நின்னு கபீருக்காக ஒரு மணி நேரம் பேசியிருக்கேன். ஆனா நாவல்ல நாம பேசவேண்டிய ஆள் ரெண்டு பேரும் இல்ல, லதாவோட அண்ணன் அருண்னு இப்ப தோணுது.

அருண் கல்கத்தாவுல ஒரு பிரிட்டிஷ் கம்பெனில பெரிய வேலை பாக்குறவன். உடை, பேச்சு, கிளப்புன்னு அப்படியே துரை. ஹரேஷை அவனுக்குக் கண்ணுல காட்டக்கூடாது. காரணம் என்னன்னா ஹரேஷ் பான் போடுறான், அவன் பேசுற இங்கிலீஷ் சரியில்ல, போட்டுக்கிற ஷூ மட்டம். இதுல காமெடி, லண்டனைப் பத்தி அவ்வளவு அளக்குற அருண் இங்கிலாந்து போனதே கிடையாது. ஹரேஷ் அங்கயே போய் செருப்புத் தொழில் படிச்சிட்டு வந்தவன். வெள்ளைக்காரன் கப்பலேறி நாலு வருஷம் ஆகியும், மாப்பிள்ளையை அளக்குற ஸ்கேலை மட்டும் அருண் கைலயே வச்சிருக்கான். அம்மாவாவது பரவால்ல, பொண்ணு நல்லா இருக்கணுமேன்னு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவாங்க, அப்புறம் அவங்களே இறங்கி வருவாங்க. அண்ணன்காரன் தராசைக் கீழ வைக்கவே மாட்டான்.

எங்க ஊர் கதைக்கு வரேன்.

லதாவுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்த அந்த வருஷம் பாண்டி இன்னும் பிரெஞ்சுக்காரங்க கைலதான் இருந்துச்சு. நாவல்ல வர்ற அந்தத் தேர்தல்ல எங்க தாத்தா ஓட்டுப் போட்டிருக்க முடியாது. 1954 அக்டோபர் 18, கீழூர்ல 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டாங்க. இந்தியாவோட சேர 170, வேண்டாம்னு 8. நவம்பர் 1 நிர்வாகம் கைமாறுச்சு. 1956-ல ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல தான் அது சட்டப்படி அமலுக்கு வந்துச்சு.

அந்த ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து. இங்க பிறந்து இங்கயே குடியிருக்குற பிரெஞ்சுப் பிரஜைகள் தானா இந்தியராயிடுவாங்க. வேண்டாம், பிரெஞ்சாவே இருக்கேன்னா 6 மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். இந்தியாவுக்கு வெளியில குடியிருந்தவங்க எழுதிக் குடுக்காமலே பிரெஞ்சாவே இருந்தாங்க. அந்த ஒரு தாளுதான் எங்க ஊர் கல்யாணச் சந்தையில இன்னிக்கும் பேசுது. ஜூலை 14 பீச் ரோட்ல மெடல் குத்திக்கிட்டு வர்ற சொல்தா தாத்தாக்களைப் பாத்திருப்பீங்க. அவங்க வீட்டுப் பேரன்னா தரகர் குரலே மாறிடும். "நேஷனாலிட்டி வீடு சார்"னு மெதுவா சொல்லுவார். ஜாதகம், சம்பளம், குணம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

போன மாசம் என் தங்கச்சிக்கு அப்படி ஒரு இடம் வந்துச்சு. பையன் பாரிஸ் பக்கம் ஏதோ வேலையாம். என்ன வேலைன்னு தரகருக்கே சரியா தெரியல, போட்டோவும் வரல. அம்மா யோசிச்சாங்க, "அவ்ளோ தூரம் எப்படிடா அனுப்புறது, பையன் எப்படின்னு விசாரிக்க வேணாமா"ன்னாங்க. நான்தான், கபீருக்காக டீக்கடைல தொண்டை கிழியப் பேசின அதே நான், "நேஷனாலிட்டிமா, விட்டுடாதீங்க. அவளுக்கும் கிடைக்கும், நாளைக்குப் பொறக்குற புள்ளைங்களுக்கும் கிடைக்கும்"னேன்.

தங்கச்சி சாப்பிட்டுட்டு இருந்தா. தலையைத் தூக்காம கேட்டா, "அண்ணா, நீ எனக்கு மாப்பிள்ளை பாக்குறியா, பாஸ்போர்ட்டுக்கு பொண்ணு பாக்குறியா?"

பதில் சொல்ல வரல. அன்னிக்கு ராத்திரிதான் அருண் ஞாபகம் வந்தான். நாவல் படிக்கும்போது அவனைப் பக்கத்துக்குப் பக்கம் திட்டியிருக்கேன். கல்கத்தா கம்பெனிக்குப் பதிலா ஐடி கம்பெனி, இங்கிலீஷுக்குப் பதிலா பிரெஞ்சு பாஸ்போர்ட். வேற என்ன வித்தியாசம்? பாரிஸுக்கு நானும் போனதில்ல.

வெளிநாடு போகக்கூடாதுன்னு நான் சொல்ல வரல. ஒன்சைட் வாய்ப்பு கிடைச்சா முதல்ல ஓடுறது நான்தான் :-) பையன் தங்கமானவனாவே இருக்கலாம். ஆனா அவன் யாருன்னு கேக்குறதுக்கு முன்னாடி அவன்கிட்ட என்ன தாள் இருக்குன்னு கேட்டேன் பாருங்க, அதைத்தான் சொல்றேன். கொடியை இறக்கி இத்தனை வருஷம் ஆச்சு, எங்க வீட்டு ஹால்ல அதை நான் மறுபடி ஏத்திட்டேன்.

தரகர்கிட்ட பையன் நம்பர் கேட்டிருக்கோம், அவளே முதல்ல பேசட்டும்னு. தலைகாணி புக் இப்ப அவ ரூம்ல இருக்கு. நேத்து பாதிக்கு வந்திருந்தா. "இந்த அருண் யார் மாதிரி இருக்கான் தெரியுமா"ன்னு ஆரம்பிச்சா. ஆபீஸ் கால் வருதுன்னு நான் மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.